வாசகர் கேள்வி–பதில்: சிவந்த உள்ளான் அரிய பறவையா?

கேள்வி: ஏப்ரல் முதல் வாரத்தில் கோடியக்கரைச் சதுப்பில், சாம்பல் நிற உள்ளான் கூட்டத்தின் நடுவே செங்கல் நிறத்தில் சில பறவைகளைக் கண்டேன். மார்கழியில் அங்கே அப்படி ஒன்றுகூட இல்லை. அவை மிக அரிதான கரண்டிமூக்கு உள்ளான்களாக இருக்குமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: அலகைப் பற்றித் தாங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதுவே முதலில் பார்க்க வேண்டியது. இடத்தையும் மாதத்தையும் வைத்துப் பார்த்தால், அவை வளைமூக்கு உள்ளான்களாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. பனிக்காலம் முழுவதும் சாம்பல் நிறத்தில் திரியும் இப்பறவை, இனப்பெருக்கத்துக்காகச் சைபீரியாவின் வடகோடிக்குத் திரும்புமுன் இறகு மாற்றி, முகம் முதல் வயிறு வரை சிவந்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. பாதி மாறியவை திட்டுத் திட்டாகத் தெரியும். முந்தைய ஆண்டில் பிறந்த இளம்பறவைகள் பலவும் வடக்கே செல்லாமல், பெரும்பாலும் சாம்பல் நிறத்துடனேயே கோடையை இங்கு கழித்துவிடும்.

கரண்டிமூக்கு உள்ளானுக்கும் இளவேனிலில் முகமும் தொண்டையும் செம்பழுப்பாகும் என்பதால் தங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் அது ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள, சிட்டுக்குருவியளவுப் பறவை. வளைமூக்கு உள்ளான் அதைவிடப் பெரியது, கால்களும் நீளமானவை, அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும். கோடியக்கரையில் முற்காலத்தில் பதிவான கரண்டிமூக்கு உள்ளான், உலகில் இன்று சில நூறே எஞ்சியிருக்கும் இனம். 2008 முதல் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. மியான்மரின் மொட்டாமா வளைகுடாச் சேற்றுநிலம் அதன் முக்கியமான பனிக்காலப் புகலிடம்.

அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. அலகு நுனியில் சேறு ஒட்டிக்கொண்ட கொசு உள்ளான், தொலைவிலிருந்து பார்க்கக் கரண்டி அலகுடையதாகவே தோன்றும். உண்மையான கரண்டியோ தட்டையானது. பக்கவாட்டில் பார்த்தால் எளிதில் புலப்படாது. ஆகவே பறவை தங்களை நேராக நோக்கும்போது எடுத்த படம் இல்லாமல் அரிய பறவை என்று அறிவிக்க வேண்டாம். பறவை நோக்குவோர் தாம் கண்டதைப் பதியும் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் பதிந்தாலும் சரிபார்ப்பவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

கேள்வி: படமெடுக்க எவ்வளவு அருகில் செல்லலாம்?

பதில்: இரை தேடுவதை நிறுத்திவிட்டுக் கூட்டம் தலைதூக்கினால், அதற்குமேல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். நெடும்பயணத்துக்கான கொழுப்பை அவை சேர்த்துக்கொள்ளும் மாதம் இது. நீர் வற்றி எஞ்சிய குட்டைகளிலிருந்து விரட்டினால், பக்கத்தில் மாற்றிடம் கிடைப்பது அரிது.