பில்டர் மணலை மாற்ற முதல் ஒரு வாளியை எடுங்கள்

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். கிணற்றுத் தண்ணீருக்கு நாலு வருசத்துக்கு முன் பூட்டிய பைபர் பில்டர் தாங்கி, 10 அங்குல அகலம், 54 அங்குல உயரம், உள்ளே மணலும் கரியும். இப்போது தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, வெள்ளை உடுப்பில் மறுபடி காவி ஏறுகிறது, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறது. கடையில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள், நாங்களே மாற்றலாமா, எவ்வளவு வாங்க வேண்டும் என்கிறார்.

மாற்றலாம் அக்கா. ஆனால் காசு கொடுக்க முதல், மோட்டரை நிறுத்தி, தாங்கியின் மேலுள்ள வால்வை பேக்வாஷுக்கு, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே ஓடவிட்டு மணலைக் கழுவும் நிலைக்குத் திருப்பி, மோட்டரைப் போட்டு, கழிவுக் குழாயில் 10 லீற்றர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். உங்கள் அளவுத் தாங்கிக்கு நிமிடத்துக்கு 20 லீற்றராவது வேண்டும், அதாவது 30 விநாடிக்குள் வாளி நிறைய வேண்டும். ஒரு நிமிடம் எடுத்தால் உள்ளே மணல் எழும்பவே இல்லை, இத்தனை நாளும் ஊத்தை அப்படியே இறுகியிருக்கிறது, புது மணல் போட்டாலும் இதே கதைதான். நான் திறந்து பார்த்த பல தாங்கிகளில் குற்றம் மணலில் இல்லை, பூட்டிய இடத்தில். மேல்தாங்கியிலிருந்து இறங்கும் தண்ணீரில் பில்டரைப் பூட்டிவிடுகிறார்கள், மூன்று நாலு மீற்றர் உயரத்தின் அழுத்தம் வடிப்பதற்குக் காணும், கழுவுவதற்குக் காணாது. மோட்டரிலிருந்து நேராக ஒரு கிளைக் குழாய் எடுத்துக் கொடுங்கள்.

அடுத்தது காவி. கிணற்றில் அள்ளிய உடனே தெளிவாக இருந்து, வாளியில் கொஞ்ச நேரம் வைத்தபின் மண்ணிறமாக மாறினால் அது கரைந்த இரும்பு, காற்றுப் பட்டபிறகுதான் துருவாகிறது. வெறும் மணல் அதைப் பிடிக்காது, மங்கனீசு ஒட்சைட்டு பூசிய கறுப்பு மணிகள் வேண்டும். அள்ளும்போதே மண்ணிறம் என்றால் மணலே போதும்.

கரியையும் மணலையும் ஒரே தாங்கியில் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. எந்த வரிசையில் கொட்டினாலும் நாலு பேக்வாஷில் பாரம் குறைந்த கரி மேலே வந்துவிடும், இரும்பு முதலில் அதன்மேல்தான் படியும், கரி வேகமாகச் செத்துப்போகும். கரியைப் பின்னால் தனிச் சிறிய தாங்கியில் போடுங்கள். அடுப்புக் கரி, வீட்டில் சுட்ட சிரட்டைக் கரி வேண்டாம், கடையில் விற்கும் செயலூட்டிய கரிதான் (activated carbon). ஆற்று மணலும் வேண்டாம், களிமண் கலந்திருக்கும்.

அளவை லீற்றரில் கேளுங்கள், கிலோவில் கேட்டால் ஏமாறுவோம்: மணல் ஒரு லீற்றர் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, கரி அரைக் கிலோதான். அடியில் கூழாங்கல் 7 லீற்றர், பழையதையே கழுவிப் போடலாம். அதற்குமேல் எல்லாம் சேர்த்து 40 லீற்றர், கரைந்த இரும்பு என்றால் 15 மணல், 25 கறுப்பு மணி. மேலே மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கட்டும். அது வீண் இடமில்லை, கழுவும்போது மணல் எழும்ப வேண்டிய இடம்.

வேலை செய்யும்போது மோட்டரை நிறுத்தி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு வால்வைக் கழற்றுங்கள். ஈர மணலோடு தாங்கி 70, 80 கிலோ வரும், இரண்டு பேர் பிடித்துப் பழைய டயர் மேல் சரித்து, ஹோஸால் அடித்துக் கழுவி எடுங்கள். நடுக்குழாயின் அடிச் சல்லடையில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். தாங்கியை நிமிர்த்தி, குழாயை அடியிலுள்ள குழியில் நிறுத்தி, அதன் வாயை ரேப்பால் இறுக மூடிய பிறகுதான் கல்லைக் கொட்ட வேண்டும். இதை மறந்தால் குழாய்க்குள் மணல் போய் வீட்டுக் குழாய் எல்லாம் மணல் வரும். கொட்டத் தொடங்கியபின் குழாயை ஒரு அங்குலம்கூடத் தூக்காதீர்கள், அடியில் கல் புகுந்துவிட்டால் வால்வு பூட்டுப்படாது, எல்லாவற்றையும் திரும்ப வாரவேண்டும். வால்வின் ரப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ பூசாமல் சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள்.

பூட்டியதும் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு ஊற விடுங்கள், கரித் தாங்கிக்கு அது கட்டாயம். பிறகு பேக்வாஷை மெதுவாகத் திறந்து தொடங்கி, தெளிவாக வரும்வரை ஓட விடுங்கள். நானூறு லீற்றர் போகலாம், அதனால் அவசரமில்லை என்றால் மாரி முடிந்து கிணறு நிறைந்திருக்கும் தை, மாசியில் செய்யுங்கள். ஆவணியில் கிணறு வற்றும்போது வாளிச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள், அப்போது மோட்டர் இழுப்பதும் குறையும்.

கேத்தில் படிவு இதனால் போகாது, அது கல்சியம், அதற்கு உப்பால் கழுவும் ரெசின் தாங்கி வேறாக வேண்டும். புளோரைட்டும் இதில் போகாது, வவுனியாப் பக்கத்துக்காரர் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கிருமியும் சாகாது, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மீடியா, அதாவது மணல், கறுப்பு மணி, கரி வாங்க முதல் நீர் வழங்கல் சபை ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி லீற்றருக்கு இரும்பு 0.3 மில்லிகிராமுக்கும் புளோரைட்டு 1 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. அறிக்கை வந்ததும் இரும்பின் அளவையும் வாளி நிறைந்த நேரத்தையும் எழுதி அனுப்புங்கள் அக்கா, மீடியாவின் அளவை அதற்கேற்பத் திருத்திச் சொல்கிறேன்.