பந்தயத்தை விட்டு வந்த கிரேஹவுண்டுக்கு நிற்காத கழிச்சல்: காரணம் தெரியவில்லை என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: ஐயா, எங்களிடம் ஆடுகளும் சில மாடுகளும் இருக்கின்றன. ஐந்து மாதத்துக்கு முன்பு, பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட ஒரு கிரேஹவுண்டைத் தத்தெடுத்தோம். ஆண், நான்கு வயது. வந்தபோது 29 கிலோ, இப்போது 26.5 கிலோ. வந்ததிலிருந்தே வயிறு சரியில்லை. ஒரு வாரம் நன்றாகப் போகிறது, அடுத்த வாரம் கூழாகப் போகிறது, சில நாள் சளியோடு, இரண்டு மூன்று தடவை தார் போலக் கறுப்பாகவும் போனது. பசிக்குக் குறைவில்லை, வாயு அதிகம். உணவை நான்கு முறை மாற்றிவிட்டோம். புழு மாத்திரை இரண்டு முறை கொடுத்தாயிற்று. மலப் பரிசோதனை ஒரு முறை செய்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் நிற்கிறது, நிறுத்தினால் திரும்புகிறது. ரத்தத்தில் ஹீமடோக்ரிட் (சிவப்பணுக்களின் பங்கு) 41 சதவீதம், தட்டணுக்கள் 1,20,000, தைராய்டு குறைவு. "ரத்தம் நார்மல், தைராய்டுக்கு மட்டும் மாத்திரை ஆரம்பிக்கலாம்" என்கிறார் மருத்துவர். ஆடுகளுக்கு ஊற்றும் புழு மருந்து வீட்டில் இருக்கிறது, அதையே கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுக்காதீர்கள். கால்நடைகளுக்குப் போடும் 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. உங்கள் நாயின் எடைக்கு இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒரு முறை கொடுக்கும் அளவு அதில் அறுபதில் ஒரு பங்குகூட வராது. ஆடுகளுக்கு ஊற்றும் மருந்துகளில் இருக்கும் லெவமிசோல் நாய்க்குத் தாங்கும் அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு, அல்பெண்டசோல் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். ஆட்டுக்கு ஒத்துப்போகிற மருந்து நாய்க்கும் ஒத்துப்போகும் என்று கண்ணளவில் ஊற்றிவிட்டு, வயிற்றுப்போக்கோடு வலிப்பும் சேர்ந்து வந்தால் என்ன செய்வீர்கள்? அந்தப் பாட்டிலை அப்படியே வைத்துவிடுங்கள்.

அடுத்தது ரத்த அறிக்கை. "காரணம் தெரியவில்லை" என்கிறீர்கள், ஆனால் நீங்கள் எழுதிய எண்களிலேயே ஒரு பெரிய துப்பு இருக்கிறது. மற்ற நாய்களுக்கு ஹீமடோக்ரிட் ஏறக்குறைய 37 முதல் 55 சதவீதம் வரை இருக்கலாம், அதனால் அறிக்கையில் 41 என்பதற்குப் பக்கத்தில் எந்தக் குறியும் வந்திருக்காது. கிரேஹவுண்ட் அப்படிப்பட்ட நாய் இல்லை. அதன் உடம்பு ஓட்டத்துக்கென்றே அமைந்தது, சிவப்பணுக்கள் அதிகம், ஆரோக்கியமான கிரேஹவுண்டுக்கு 50-க்கு மேல், 60 தாண்டியும் இருப்பது சாதாரணம். அப்படியானால் 41 என்பது இந்த நாய்க்கு நார்மல் இல்லை, ரத்தசோகை. தார் போன்ற கறுப்பு மலம், பசி இருந்தும் இறங்கும் எடை, கூடவே ரத்தசோகை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குடலில் எங்கோ மெதுவாக ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதற்கு நேர்மாறாக, குறைவு என்று அறிக்கை காட்டிய இரண்டும் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாதவை. கிரேஹவுண்டுக்குத் தட்டணுக்கள் இயல்பாகவே குறைவு, 80,000 முதல் 2,00,000 வரை சாதாரணமாகப் பார்க்கலாம். தைராய்டு ஹார்மோன் டி4 அளவும் இந்த இனத்தில் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் உயர்ந்திருக்கிறதா, முடி கொட்டுகிறதா, எடை கூடுகிறதா என்று எதையும் பார்க்காமல் டி4 ஒன்றை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது. உங்கள் நாய்க்கோ எடை இறங்கிக்கொண்டிருக்கிறது. தேவையில்லாமல் தைராய்டு மாத்திரை கொடுத்தால் உடம்பின் எரிப்பு கூடி இன்னும்தான் இளைக்கும். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் கொஞ்சம் மேலே வந்தாலும், வெள்ளணுக்கள் கொஞ்சம் கீழே வந்தாலும் இதே கதைதான். மருத்துவரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், "கிரேஹவுண்டுக்கென்று தனி அளவுகள் இருக்கின்றன, அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று. இந்த இனத்தை அடிக்கடி பார்க்காதவருக்கு இது நினைவில் இல்லாமல் போவது இயல்பு, சொன்னால் கட்டாயம் பார்ப்பார்கள்.

ரத்தம் போகிறது என்றால் எனக்கு வரும் முதல் சந்தேகம், குடல் சுவரில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. "புழு மாத்திரைதான் இரண்டு முறை கொடுத்தோமே" என்பீர்கள். அங்கேதான் விஷயம். பந்தயக் கொட்டில்களில் ஏராளமான நாய்கள் நெருக்கமாக, ஒரே மண் தரையில் வளர்கின்றன, குட்டியிலேயே தாய்ப்பால் வழியாகவும் புழு வந்துவிடும். அங்கே அடிக்கடி, வருடக்கணக்கில், அதே சில வகை மருந்துகளைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த வயலில் கடைசியில் அதற்குச் சாகாத பூச்சி மட்டும் மிஞ்சுகிறதே, அதேதான் இங்கும் நடந்தது. பைரன்டெல், ஃபென்பெண்டசோல் வகை, ஐவர்மெக்டின் வகை, மூன்றுக்கும் சாகாத கொக்கிப்புழுக்கள் ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகளில் இருப்பதை 2019-லிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். அங்கே ஃப்ளோரிடாவில் 2018-ல் மக்கள் வாக்களித்து, 2020 முடிவோடு நாய்ப் பந்தயம் நின்றது. வீடுகளுக்குப் போன நாய்கள் பலவற்றோடு இந்தப் புழுவும் போனது. ஆகவே மாத்திரை கொடுத்தோம் என்பதற்கும் புழு போய்விட்டது என்பதற்கும் சம்பந்தமில்லை, கொடுத்த பிறகு எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் குடலோடு நிற்பதில்லை, தசையிலும் குடல் சுவரிலும் உறங்கிக் கிடக்கும். குடலில் இருக்கும் பெரிய புழுக்கள் மருந்தில் செத்து இடம் காலியானதும், உறங்கியவை எழுந்து வந்து அங்கே உட்கார்ந்துவிடும். வளர்ந்த புழு ஒன்று ஒரு நாளில் 0.1 மில்லி வரை ரத்தம் குடிக்கும், நூறு இருந்தால் கணக்கு என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். ஒரு வாரம் நல்லது, ஒரு வாரம் கெட்டது என்று நீங்கள் சொன்ன அந்த ஏற்ற இறக்கத்துக்கும் இது பொருந்திப் போகிறது.

சரி, "ஒரு தடவை சோதித்தோம், ஒன்றும் இல்லை" என்பதற்கு வருவோம். விரல்நுனி அளவு மலத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்திருந்தால் அதை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். குறைந்தது 2 கிராம் மலம் வேண்டும், மையவிலக்குக் கருவியில் சுற்றி முட்டைகளை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும், ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணியும் தரவேண்டும். காலையில் போட்டதைச் சூடு ஆறாமல் எடுத்து, உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். வெளியில் வைத்தால் முட்டை பொரிந்துவிடும், அப்புறம் எண்ணிக்கை தப்பாக வரும்.

உங்கள் வீட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை. நாய் ஆட்டுப் புழுக்கையையோ மாட்டுச் சாணத்தையோ தின்கிறதா? பெரும்பாலான நாய்கள் தின்னும். ஆடு மாடுகளின் உருண்டைப்புழு முட்டைகள் பார்ப்பதற்குக் கொக்கிப்புழு முட்டையைப் போலவே இருக்கும், அவை நாயின் குடலில் எதுவும் செய்யாமல் அப்படியே வெளியேறும். அதை எண்ணிவிட்டு நாய்க்குப் புழு என்று சொல்லிவிடக் கூடாது. அதனால் மாதிரி எடுப்பதற்கு முந்தைய நான்கைந்து நாட்கள் நாயைப் பட்டிப் பக்கமே விடாதீர்கள், வெளியே போகும்போது வாய்க்கூடு போடுங்கள். பந்தய நாய்க்கு அது பழகிய பொருள்தான், முரண்டு பிடிக்காது.

முட்டை இருந்தால் அந்த எண்ணிக்கையைக் குறித்துவைத்து, மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடியும் எண்ணுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை என்றால் மருந்துக்குச் சாகாத புழு. சுத்தமாகக் குறைந்து, மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்பி வந்தால், மருந்து வேலை செய்கிறது, ஆனால் உறங்கிக் கிடந்தவை எழுந்து வருகின்றன அல்லது மண்ணிலிருந்து மறுபடி தொற்றுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. சாகாத புழுவாக இருந்தால், ஃபெபண்டெல் அல்லது ஃபென்பெண்டசோல், பைரன்டெல், மாக்சிடெக்டின் என்று மூன்று வகையையும் ஒரே நேரத்தில் கொடுத்து, மாதாமாதம் எண்ணிக்கை பார்த்துத் தொடர்வது வழக்கம். அதற்கும் அடங்காததற்கு எமோடெப்சைடு என்று ஒன்று இருக்கிறது. அது நாய்க்கு ஆபத்தாகவும் முடியலாம், இதயப்புழு இல்லை என்று ரத்தம் பார்த்து உறுதி செய்த பிறகு மருத்துவர் கையால் மட்டுமே.

மண்ணையும் கவனியுங்கள். வெதுவெதுப்பான ஈர மண்ணில் முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் புழுவாகிவிடும். மலத்தை அன்றன்றைக்கே அள்ளுங்கள், நாய் போக ஒரே ஒரு இடத்தைப் பழக்குங்கள், அது வெயில் படுகிற காய்ந்த இடமாக இருக்கட்டும். இந்தப் புழு மனிதத் தோலிலும் நுழைந்து நெளிநெளியாக அரிப்புத் தடம் போடும். குழந்தைகளை அந்தப் பக்கம் வெறுங்காலோடு விடாதீர்கள், நீங்களும் செருப்பில்லாமல் போகாதீர்கள்.

மெட்ரோனிடசோலை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து, உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். அது இருக்கும்வரை மலம் கெட்டியாவது உண்மை. ஆனால் குடலில் பித்த அமிலங்களை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாக்களையும் அது அழித்துவிடுகிறது, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாவதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

உணவு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஐந்து மாதத்தில் நான்கு மாற்றம் என்றால் குடல் எதற்கும் பழக நேரமே கிடைத்திருக்காது. பந்தயக் கொட்டிலில் பெரும்பாலும் பச்சை இறைச்சி கலந்த தீனி தின்று வளர்ந்த நாய், திடீரென்று உலர் தீனிக்கு மாறினால் சில வாரம் கழியத்தான் செய்யும். இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எளிதில் செரிக்கும், கொழுப்பு குறைந்த, ஒரே ஒரு புரதம் உள்ள உணவு. பழையதோடு கலந்து 7 முதல் 10 நாட்களில் மெதுவாக மாற்றி, அப்புறம் முழுதாக இரண்டு வாரம் அதை மட்டுமே கொடுங்கள். உணவு ஒவ்வாமையால் வரும் குடல் கோளாறு என்றால் பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்துக்குள் மாற்றம் தெரிந்துவிடும். தின்பண்டம் கூடாது, மெல்லும் எலும்பு கூடாது, இறைச்சி வாசனை சேர்த்த மாத்திரைகூடச் சோதனையைக் கெடுக்கும். சளியோடு முக்கி முக்கிப் போகும் நாட்களில் இசப்கோல் உமி கொஞ்சம் உணவில் கலந்தால் பிடித்து நிறுத்தும். தோட்டத்துக்கு எலும்புத்தூள், ரத்தத்தூள் உரம் போடுகிறீர்களா? நாய் அதைத் தேடிப்போய்த் தின்னும், கணையம் வீங்கிப் படுத்துவிடவும் கூடும், பூட்டி வையுங்கள்.

கொக்கிப்புழு இல்லை என்று இரண்டு மூன்று நல்ல சோதனைகளில் தெரிந்தால் தேடல் அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். சாட்டைப்புழு முட்டை விட்டுவிட்டுத்தான் வெளிவரும், தொற்றி மூன்று மாதம் வரை மலத்தில் தெரியாமலும் இருக்கும். ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணியும் அப்படித்தான், ஒரு வாரத்துக்குள் மூன்று வெவ்வேறு நாள் மலம் பார்க்கவேண்டும், அந்த ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனையும் சேர்த்து. பிறகு ரத்தத்தில் பி12, ஃபோலேட், கணையத்துக்கான டிஎல்ஐ, அடிசன் என்ற அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டை விலக்கக் கார்டிசால். உண்ணியால் வரும் பபேசியா, எர்லிக்கியா இரண்டும் பந்தய நாய்களிடம் இருக்கக்கூடியவை, ரத்தசோகைக்கு அதையும் கேளுங்கள். பழைய காயத்துக்கு வலி மாத்திரை ஏதாவது கொடுத்துவருகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்றவையும் குடலைப் புண்ணாக்கிக் கறுப்பு மலத்தை வரவழைக்கும், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கடைசியில் குடல் திசு எடுத்துப் பார்க்கும் நிலை வந்தால், கிரேஹவுண்டுகளுக்கு அறுவை முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து ரத்தம் கசிவது உண்டு, அதற்குத் தடுப்பு மருந்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும், மயக்க மருந்திலும் தனிக் கவனம் வேண்டும்.

எடையைப் பற்றி ஒன்று. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது இந்த நாய்க்கு அழகுதான், பயப்படாதீர்கள். ஆனால் ஓய்வுக்குப் பிறகு பந்தய எடையைவிட ஓரிரு கிலோ கூட இருப்பதுதான் வழக்கம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்பு எடை போட்டுப் பதிவு செய்திருப்பார்கள், தத்துக் கொடுத்தவர்களிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 26.5 அதற்குக் கீழே இருக்கிறது என்றால் நாள் கடத்தாதீர்கள். வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள், மலத்தைத் தினமும் போட்டோ எடுத்துவையுங்கள்.

ஈறு வெளுத்துப்போனால், கறுப்பு மலம் தொடர்ந்து வந்தால், எழமுடியாமல் சோர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனை. எதுவும் வெளிவராமல் ஓங்கரித்துக்கொண்டு வயிறு உப்பினால் அது வயிறு முறுக்கிக்கொள்வதாக இருக்கலாம், ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வருவது, ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

இந்த வாரமே மல மாதிரி கொடுங்கள், ஹீமடோக்ரிட்டை இரண்டு வாரத்தில் திரும்பப் பாருங்கள். முட்டை எண்ணிக்கை மருந்துக்கு முன்னும் பின்னும், பந்தய எடை, என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம் கொடுத்தீர்கள் என்ற விவரம், இவற்றை எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.