ஃபேரிங்ல மெஷ் போடலாமா? கோத்தகிரி தங்கச்சி கேட்ட கேள்விக்கு கொஞ்சம் நீளமான பதில்

கோத்தகிரியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. 150 சிசி, லிக்விட் கூலிங், ஃபுல் ஃபேரிங் வண்டி, அதாவது முன்னாடியும் பக்கவாட்டுலயும் பிளாஸ்டிக் உறை மூடுன பைக். வாரத்துக்கு ரெண்டு தடவ மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுறாங்க. குஞ்சப்பனைக்கு மேல ரோட்டு வேலை நடந்த எடத்துல ஜல்லி தெறிச்சு இஞ்சின் சூட்ட ஆத்துற ரேடியேட்டர்ல ஒரு மூலை ஃபின், அதான் அந்த மெல்லிசு தகடு எல்லாம் மடங்கிப் போச்சாம், உள்ள ஓடுற கூலன்ட் தண்ணி ஒழுகல, தப்பிச்சுது. இப்ப ஃபேரிங்ல இருக்குற ஓட்டை எல்லாத்துக்கும் கறுப்பு மெஷ், அதாவது கம்பி வலை வச்சு ஹாட் க்ளூ போட்டு ஒட்டிரலாமா, இஞ்சின் ஹீட் ஆகுமா, அப்பா கொசுவலை கம்பியே போதும்ங்குறாரு, அது சரியா, இதான் கேள்வி.

மொதல்ல அந்த மடங்குன ஃபின்ன பாருங்க. மெஷ் போட்டுட்டா அப்புறம் கை போகாது. வண்டி நல்லா ஆறினப்புறம் மொனை மழுங்குன சின்ன ஸ்க்ரூ டிரைவரோ புருவம் எடுக்குற ட்வீசரோ வச்சு ஒவ்வொரு ஃபின்னா மெதுவா நிமித்துங்க, நடுவுல தட்டையா ஒரு குழாய் ஓடும் பாருங்க, அதுல மட்டும் கை வைக்காதீங்க, ஓட்டை விழுந்தா ரேடியேட்டரே மாத்தணும். சேறு இருந்தா பழைய பல்லு விளக்குற பிரஷும் தண்ணியும் போதும், வாட்டர் வாஷ்ல அந்த பிரஷர் கன்ன கிட்ட கொண்டாந்து அடிச்சா கல்லு செய்யாத சேதத்த அது செஞ்சிரும். ரெண்டு நாள் ஓட்டிட்டு அந்த மூலையில பச்சையாவோ நீலமாவோ காஞ்ச கறை தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா மெஷ் கதை அப்புறம், மொதல்ல லீக்க பாக்கணும்.

அடுத்தது, எல்லா ஓட்டைக்கும் மெஷ் வேண்டாங்க. நான் பாத்த வரைக்கும் இதுல தான் எல்லாரும் தப்பு பண்றாங்க. ஃபேரிங்ல ஓட்டை ரெண்டு விதம், காத்து உள்ள வர்றது ஒண்ணு, சூடான காத்து வெளிய போறது ஒண்ணு. பக்கவாட்டுல மீன் செவுள் மாதிரி இருக்கே, அது பெரும்பாலும் வெளிய போற வழி. அங்க கல்லு வந்து அடிக்கவே அடிக்காது, அங்க மெஷ் வச்சா அழகு மட்டும் தான், அந்த அழகுக்கு விலை என்னன்னா ரேடியேட்டர தாண்டி வந்த சூட்டுக் காத்து வெளிய போக முடியாம உள்ளயே சுத்தும், உங்க முழங்காலுக்கும் சேத்து அடிக்கும். முன்னாடி எவ்ளோ காத்து வாங்குனாலும் பின்னாடி போக வழி இல்லன்னா பிரயோஜனம் இல்ல. அதனால செவுள விட்டுருங்க. மூக்குல ஹெட்லைட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஓட்டைக்கு ஆசையா இருந்தா போட்டுக்கங்க, ஹார்ன்ல உரசாம பாத்துக்கங்க, நம்ம ஊரு வளைவுல ஹார்ன் தான் தெய்வம். ஹெட்லைட் மேல மட்டும் வேண்டவே வேண்டாம், இங்க இருக்குற மேகத்துக்கு இருக்குற வெளிச்சமே பத்தல.

ஆக மெஷ் தேவைப்படுற எடம் ஒண்ணே ஒண்ணு, முன் டயருக்குப் பின்னாடி நிக்குற ரேடியேட்டர் முகம். அங்க விழுற கல்லுல நெறைய முன்னாடி போற லாரி போடுறது இல்ல, உங்க சொந்த முன் டயர் கிளப்பி விடுறது தான். அதனால முன் மட்கார்டுக்குக் கீழ ரப்பர்லயோ பிளாஸ்டிக்லயோ ஒரு நீட்டிப்பு போடுங்க, ஃபெண்டர் எக்ஸ்டெண்டர்னு விக்கிறாங்க. மழையில சேறு ரேடியேட்டர்ல அப்புறதும் குறையும், காத்தும் தடைபடாது. என்ன கேட்டா மெஷ்ஷுக்கு முன்னாடி இத தான் போடச் சொல்வேன்.

சரி, எந்த மெஷ். அப்பா சொன்ன கொசுவலை வேண்டாம்னு மரியாதையா சொல்லிருங்க. ஓட்டை ரொம்ப பொடிசு, மழையில ஒவ்வொரு ஓட்டையிலயும் தண்ணி படலமா நின்னுக்கும், அதுல சேறு ஒட்டுச்சுன்னா சுவரு மாதிரி ஆயிரும். அந்த மெல்லிசு கம்பி கல்லையும் தாங்காது, குழி விழுந்து ஃபின்னுலயே போய் அழுத்தும். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற வலை இன்னொரு கோடி, ஓட்டை பெருசு, கல்லு தாராளமா போகும், வெட்டுன முனையில ஒரே மழைக்காலத்துல துரு வேற. உங்களுக்கு வேண்டியது ஓட்டை 5 மிமீ, கம்பி 1 மிமீ, அலுமினியமோ ஸ்டெய்ன்லெஸ் 304 ஸ்டீலோ. கணக்கு ரொம்ப சிம்பிள், கம்பியையும் ஓட்டையையும் சேத்தா 6, அப்ப 6க்கு 6, 36 பங்குல 5க்கு 5, 25 பங்கு தொறந்திருக்கு, கிட்டத்தட்ட 69 சதவீதம். இதே 1 மிமீ கம்பியில ஓட்டை 2 மிமீன்னு வச்சுக்கங்க, 9ல 4, வெறும் 44 சதவீதம் தான், பாதிக்கு மேல அடச்சாச்சு. ரோட்டுல பேட்ச் போடுற கால் இன்ச் ஜல்லி சுமாரா 6 மிமீ இருக்கும், 5 மிமீ ஓட்டையில அது நுழையாது, அதவிட குறுணி உள்ள போனாலும் ஃபின்ன மடக்குற அளவுக்கு அதுல வெயிட் இருக்காது.

கார் ஆக்சசரீஸ் கடையில டைமண்ட் டைமண்டா கறுப்பு அலுமினிய மெஷ் கெடைக்கும், அது தகட்ட கீறி இழுத்து செய்யிறது, அதனால ஒவ்வொரு இழையும் ஜன்னல் பலகை மாதிரி சாஞ்சிருக்கும். வாங்குனதும் கையில தூக்கி நேரா பாருங்க, அப்புறம் தலகீழா, சைடா திருப்பிப் பாருங்க, ஒரு பக்கம் வச்சா நல்லா ஊடுருவித் தெரியும், இன்னொரு பக்கம் வச்சா பாதி மறையும். வண்டிக்கு முன்னாடி குத்தவச்சு காத்து வர்ற திசையில இருந்து பாத்தா எந்தப் பக்கம் அதிகமா தெரியுதோ அப்படி தான் மாட்டணும். சொன்னா சிரிப்பாங்க, ஆனா நல்ல மெஷ்ஷ தப்பா திருப்பி மாட்டிட்டு ஹீட் ஆகுதுன்னு பட்டறைக்கு வந்தவங்க இருக்காங்க.

அட்டைப்பெட்டிய கிழிச்சு மொதல்ல அச்சு எடுத்துக்கங்க, அட்டை சரியா உக்காந்ததுக்கு அப்புறம் தான் மெஷ்ல கத்திரி வைக்கணும், சுத்தி 1 செமீ கூட விட்டு தகரக் கத்திரியில வெட்டி அந்த ஓரத்த மடிச்சு விட்டுருங்க, இல்லன்னா ஓரத்துக்கு மாட்டுற ரப்பர் பட்டை, ரப்பர் பீடிங் சொருகிருங்க. வெட்டுன முனை ஊசி மாதிரி நிக்கும், வண்டி அதிர அதிர அது ரம்பம் மாதிரி ரேடியேட்டர அறுக்கும். அதே காரணத்துக்காக மெஷ்ஷுக்கும் ஃபின்னுக்கும் நடுவுல ஒரு விரல் கனம், 10 மிமீல இருந்து 15 மிமீ, எடைவெளி இருக்கணும். கல்லு அடிச்சு மெஷ் கொஞ்சம் குழிஞ்சாலும் ஃபின்ன தொடக்கூடாதுன்னு தான் இது.

எப்படி மாட்டுறது? ஹாட் க்ளூ வேண்டாங்க, ரேடியேட்டர் சூட்டுக்கு இளகிரும், ஒரு நாள் மெஷ் கழண்டு முன் சக்கரத்துல போய் சிக்குனா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. ரேடியேட்டர ஃப்ரேமோட பிடிச்சிருக்குற போல்ட்ட பாருங்க, அதே த்ரெட்ல கொஞ்சம் நீளமான போல்ட் வாங்கி சின்ன எல் கிளாம்ப் வச்சு அதுல மெஷ்ஷ பிடிச்சா கெட்டியா நிக்கும், வேணும்னா கழட்டி கழுவவும் முடியும். அந்த எடத்துல ரப்பர் புஷ் இருக்கும், அத நசுங்குற அளவுக்கு முறுக்காதீங்க. ஸ்டீல் போல்ட்டும் அலுமினிய மெஷ்ஷும் தொடுற எடத்துல நைலான் வாஷர் வைங்க, நம்ம பனிக்கும் ஈரத்துக்கும் ரெண்டு உலோகம் ஒட்டி இருந்தா அலுமினியம் வெள்ளையா பூத்துப் போயிரும். அவசரத்துக்கு கேபிள் டை பரவாயில்ல, கறுப்பு கலர் வாங்குங்க, அது வெயில தாங்கும், ஆனா ரேடியேட்டர் குழாயிலயோ ஃபின்னு உள்ள விட்டோ கட்டாதீங்க.

மூக்கு ஓட்டைக்கு ஒட்டித்தான் ஆகணும்னா ஃபேரிங்க கழட்டி உள்பக்கம் அச்சடிச்சிருக்குற எழுத்த பாருங்க. அது பிளாஸ்டிக் வகையோட பேரு (பிரேக் ஏபிஎஸ் இல்ல). ஏபிஎஸ்னு இருந்தா உப்புத்தாள் போட்டு தேச்சு ஸ்பிரிட்ல தொடச்சு ரெண்டு டியூப் கலந்து போடுற அரால்டைட்ல ஒட்டலாம், பிபின்னு (பாலிப்ரொப்பிலீன்) இருந்தா சாதாரண பசை எதுவும் உருப்படியா ஒட்டாது, ஸ்க்ரூவும் வாஷரும் தான். தின்னர் போட்டு தொடைக்காதீங்க, ஏபிஎஸ் கரைஞ்சிரும். இன்னொண்ணு, பாக்கெட்ல போட்டிருக்குற காயுற நேரம் சமவெளிக்காரங்களுக்கு. சூடு 10 டிகிரி குறைஞ்சா பசை இறுகுற நேரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், நம்ம ஊரு ராத்திரி குளிருல ஷெட்ல வச்சீங்கன்னா ரெண்டு நாள் ஆனாலும் பிசுபிசுன்னே இருக்கும், வீட்டுக்குள்ள அடுப்பங்கரைப் பக்கமா வைங்க, அம்மா திட்டுனா நான் பொறுப்பில்ல.

மாட்டுனதும் ஓட்டிப் பாக்க அவசரப்படாதீங்க. ஹேண்டில ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சுப் பாருங்க, பிரேக் ஹோஸ், ஒயர் எதுவும் மெஷ்ல உரசக்கூடாது. அப்புறம் முன் ஃபோர்க் கம்பியில ஒரு கேபிள் டைய லேசா சுத்தி விட்டு ரெண்டு பேரு உக்காந்து முன் பிரேக்க பிடிச்சு நல்லா அமுக்குங்க, டை எவ்ளோ தூரம் நகந்திருக்குன்னு தெரியும், குழியில விழுந்தா இன்னும் அதிகமாவே இறங்கும், அப்பவும் டயர் மெஷ்ஷ தொடாத அளவுக்கு எடம் இருக்கணும். சந்தேகம்னா ஒரே விதி, கம்பெனி பிளாஸ்டிக் உதட்ட தாண்டி மெஷ் முன்னாடி நீட்டக்கூடாது.

இஞ்சின் ஹீட் ஆகுமான்னு கேட்டீங்க. எறங்குறப்ப ஆகாதுங்க, கியர்ல தானே உருட்டிட்டு வர்றீங்க. ஏறுறப்ப தான் சோதனை. ரெண்டாவது மூணாவது கியர்ல இஞ்சின் முக்குது, வேகம் இல்லாததால எதிர்காத்தும் இல்ல, முழு வேலையும் ஃபேன் தலையில. கோத்தகிரி உசரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தவிட சுமார் 15 சதவீதம் கம்மி, குளிரு அத ஓரளவு ஈடு கட்டுது, ஆனா அடிவாரத்துல மத்தியான வெயில்ல அந்தக் குளிரும் கெடையாது. அதனால மெஷ் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ மத்தியானம் மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வாங்க, ஃபேன் எந்த எடத்துல மொதல்ல சுத்துது, வீட்டு வாசல்ல நிறுத்துனப்புறம் எவ்ளோ நேரம் சுத்துதுன்னு குறிச்சு வைங்க. மெஷ் போட்டு அதே நேரம், அதே ரோடு, பின்னாடி ஆள் இருந்தா அதே ஆள். கொஞ்சம் முன்னாடி ஃபேன் வந்தா கவலப்படாதீங்க, ஆனா ஏறி முடிக்கிற வரைக்கும் நிக்காம சுத்துதுன்னாலோ டெம்பரேச்சர் லைட் எரிஞ்சாலோ ஓரமா நிறுத்தி ஆற விடுங்க, சூடா இருக்குறப்ப ரேடியேட்டர் மூடிய மட்டும் தொறந்துராதீங்க, அன்னைக்கே மெஷ்ஷ கழட்டி பெரிய ஓட்டை உள்ளத மாத்துங்க. ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறதா இருந்தா மெல்லிசா ரெண்டு கோட்டு, அதுக்கு மேல அடிச்சா ஓட்டை சுருங்கிரும், மேல சொன்ன 69 சதவீதம் வீணா போயிரும்.

போட்டு ஒரு வாரம் கழிச்சு எல்லா போல்ட்டையும் ஒரு தடவ முறுக்கிப் பாருங்க. மழை விட்டதும் டீ எஸ்டேட் ஓரமா போறப்ப சில்வர் ஓக் எலை நனைஞ்சு வந்து மெஷ்ல அப்பிக்கும், நாலு எலை போதும் ரேடியேட்டர்ல கால்வாசி மறைய. முன்னாடி அது ஃபின்னுல சொருகி நகத்தால நோண்டி எடுக்கணும், இப்ப கட்டபெட்டுல டீ குடிக்க நிறுத்துறப்ப கையால வழிச்சு விட்டா போதும்.