வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு ஆண்டுதோறும் எல்லா ஊசிகளும் போட வேண்டுமா?

உங்கள் பூனைக்கு ஐந்து வயது, அது வீட்டைவிட்டு வெளியே போவதில்லை, குட்டிப் பருவத்து ஊசிகள் அனைத்தும் போடப்பட்டுவிட்டன என்கிறீர்கள். இப்போது மருத்துவர் ஆண்டுதோறும் டிரிக்கேட் என்ற மூன்று நோய்த் தடுப்பூசியும் வெறிநோய் ஊசியும் போட்டு, கூடுதலாகக் கிளமிடியா என்ற கண் அழற்சிக் கிருமிக்கான ஊசியும் போடச் சொல்கிறார். பூனையோ கூடையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது, மருத்துவமனையில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. இந்த அவதிக்கு நடுவே கூடுதல் ஊசிகள் தேவைதானா என்பது உங்கள் கேள்வி.

நான் கால்நடை மருத்துவம் படித்தவள் இல்லை. திருச்சியில் பதினோரு ஆண்டுகளாகப் பூனை வளர்க்கிறேன், இதே கேள்வியோடு பல ஆண்டுகள் அல்லாடியிருக்கிறேன். என் கருப்பனை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஜிப் வைத்த கட்டைப்பையில் போட்டு, ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்து ஊசிக்கு அழைத்துப் போனேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அருகில் ஒரு லேப்ரடார் ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்தது. பையைத் திறந்தபோது அவனுடைய நகங்கள் நான்கைந்து சாக்கு இழைகளில் ஆழமாகச் சிக்கியிருந்தன. ஒவ்வொன்றாக விடுவித்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. மூன்றாம் நாள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணல் தட்டில் போய்க் குந்தினான், ஒரு சொட்டுக்கு மேல் சிறுநீர் வரவில்லை. சிறுநீர்க்குழாய் அடைத்துவிட்டிருந்தது, மயக்கம் கொடுத்துக் குழாய் செருகி, மூன்று நாள் மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். ஆண் பூனைகளுக்கு வரும் இந்தச் சிறுநீர்ப்பை அழற்சிக்கு மன அழுத்தமும் ஒரு காரணம் என்று மருத்துவர் விளக்கினார். அன்றைய பயணம்தான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும், பூனையின் பயம் ஒரு பொருட்டே அல்ல என்று எவர் சொன்னாலும் அன்று முதல் நான் ஏற்பதில்லை.

அதற்காக ஊசியே வேண்டாம் என்ற முடிவுக்கும் நான் வரவில்லை. எல்லா ஊசிகளையும் ஒரே தட்டில் வைத்து, பயத்தை மறு தட்டில் வைத்து நிறுப்பதுதான் நம்மைக் குழப்புகிறது. ஒவ்வோர் ஊசிக்கும் எடை வேறு.

வெறிநோய் ஊசியை விட்டுக்கொடுக்காதீர்கள். நம் நாட்டில் வெறிநோய் இன்னும் பரவலாக இருக்கிறது, அறிகுறி தோன்றிவிட்டால் மனிதருக்கும் விலங்குக்கும் மரணம் ஏறத்தாழ உறுதி. வெளியே போகாத பூனையும் ஒரு நாள் போகும். சிலிண்டர் போட வந்தவர் கதவைத் திறந்து வைத்த ஐந்து நிமிடத்தில் கருப்பன் காணாமற்போய், மறுநாள் விடியற்காலையில் காதில் காயத்தோடு வந்து நின்றான். அன்றிரவு என்னைத் தூங்கவிட்டது அந்த ஊசி அட்டை மட்டுமே. மருந்தின் உறையில் குறிப்பிட்டுள்ள கால இடைவெளியையும் உங்கள் மருத்துவர் சொல்வதையும் இதில் அப்படியே பின்பற்றுங்கள். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இந்த ஊசியை இலவசமாகப் போடும் முகாம்கள் நடக்கின்றன. பணத்துக்குச் சிரமப்படுவோருக்கு அது பெரிய உதவி. ஆனால் நாய்க்கூட்டம் நிறைந்திருக்கும் என்பதால் பயந்த பூனைக்கு ஏற்ற இடம் அன்று.

டிரிக்கேட் என்பது வாந்தி, வயிற்றுப்போக்கோடு உயிரையே பறிக்கக்கூடிய பான்லூக்கோபீனியா, பூனைச்சளியை உண்டாக்கும் ஹெர்பீஸ், காலிசி ஆகிய மூன்று கிருமிகளுக்குமான ஊசி. இதில்தான் பயத்துக்கு இடம்கொடுத்து யோசிக்கலாம். உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குட்டிக்கு 16 வாரம் நிறைந்த பிறகு ஒரு தவணையாவது சேர வேண்டும் என்றும், அதன்பின் ஆறு மாத வயதிலோ ஓராண்டு வயதிலோ ஒன்று போட வேண்டும் என்றும், நோய்த்தொற்று வாய்ப்புக் குறைந்த வளர்ந்த பூனைகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை என்றும் சொல்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தினர் குட்டியில் இரண்டு தவணை மட்டும் போட்ட பூனைகளை ஏழரை ஆண்டுகள் கழித்துக் கிருமிக்கு உட்படுத்திப் பார்த்து 1999-இல் முடிவை வெளியிட்டனர். பான்லூக்கோபீனியாவுக்கு எதிரான பாதுகாப்பு அப்போதும் முழுமையாக இருந்தது, மற்ற இரண்டுக்கும் குறைந்திருந்தது. அந்த இரண்டும் பெரும்பாலும் பூனையிடமிருந்து பூனைக்குத் தொற்றுபவை. எனவே பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பூனையைக் காப்பகத்தில் விடும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் ஆண்டுதோறும் போடுவது நல்லது. இல்லையென்றால், மூன்று ஆண்டு இடைவெளி பற்றி மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள்.

ஆனால் குட்டிப் பருவத்துத் தவணைகளில் ஒன்றைக்கூடத் தவிர்க்கக் கூடாது. பான்லூக்கோபீனியா கிருமி ஓராண்டு வரையிலும்கூட உயிர்ப்போடு கிடக்கக்கூடியது, நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிடும்.

கிளமிடியா ஊசி எல்லாப் பூனைகளுக்கும் உரியதன்று. பல பூனைகள் கூடி வாழும் வீட்டில் கண் அழற்சி திரும்பத் திரும்ப வந்தால் அது பயன்படும். உங்கள் வீட்டில் ஒரே பூனை என்றால் நான் போடமாட்டேன். ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி உருவாகும் அபாயமும் பூனைகளுக்கு உண்டு. பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் ஊசிகளுக்கு ஒன்று என்று மதிப்பிடுகிறார்கள். அரிதுதான், அதற்காக வெறிநோய் ஊசியைக் கைவிடுவது தவறு. ஆனால் தேவையற்ற ஊசியைத் தவிர்க்க அது போதிய காரணம். தோள்களுக்கு நடுவே போடாமல் காலின் கீழ்ப்பகுதியில் போடச் சொல்லிக் கேளுங்கள். கட்டி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலும், 2 செ.மீ.-க்கு மேல் பெரிதானாலும், ஊசி போட்டு ஒரு மாதம் கழித்தும் வளர்ந்துகொண்டே போனாலும் உடனே காட்ட வேண்டும்.

நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்த வாய் திறந்த மூச்சு. நாய்க்கு அது இயல்பு, பூனைக்கு அன்று. பயத்தினால் வரலாம், இதயக் கோளாற்றாலும் வரலாம். ஊசி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதை மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதிக்கச் செய்யுங்கள். ஊசியைக் குறைக்கிறோம் என்று மருத்துவரையே பார்க்காமல் விட்டுவிட வேண்டாம்.

பயத்தைக் குறைக்கவும் வழி உண்டு. கருப்பனின் கூடை இப்போது ஆண்டு முழுவதும் கூடத்து மூலையில் திறந்தே கிடக்கிறது. உள்ளே என் பழைய சேலைத்துண்டை விரித்து, வாரம் இரண்டு முறை நெத்திலிக் கருவாட்டை அதற்குள்ளேயே வைக்கிறேன். மேல்பக்கமும் திறக்கும் கூடையாக வாங்கினால் இழுத்து வெளியே எடுக்க வேண்டியதில்லை. போகும்போது துணியால் மூடுங்கள், நாய்கள் இல்லாத நேரமாகக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொடுக்கும், பதற்றத்தைத் தணிக்கும் காபாபென்டின் மருந்து பல பூனைகளுக்கு உதவுகிறது. அளவை மருத்துவரே எடை பார்த்துச் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பின் உடம்பு சுட்டால் பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது பூனைக்கு நஞ்சு.

எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது வீட்டுக்கே வரும் மருத்துவர். கட்டணம் கூடுதல்தான். ஐஸ் பிளாஸ்க்கில் மருந்தைக் கொண்டுவந்து, வாஷிங்மெஷின் மேல் அவனுடைய துண்டை விரித்து, அவன் கருவாட்டைத் தின்றுகொண்டிருக்கும்போதே பின்னங்காலில் போட்டுவிட்டார். கருப்பன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் தின்னத் தொடங்கினான். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் வருவாரா என்று விசாரியுங்கள். அவர் வருமுன் பழைய ஊசி அட்டையைத் தேடியெடுத்து, 16 வாரத்துக்குப் பின் எந்தத் தேதியில் கடைசித் தவணை போடப்பட்டது என்று பார்த்து வையுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.