கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கெர்க் தேவாலயத்தில், குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பைப் ஆர்கனைப் பார்த்தேன். கோடையில் அதன் சுருதி மாறும் என்கிறார்களே, நிஜமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: நிஜம்தான். கெர்க் திறந்தது 1821இல். ஆர்கன் 1883இல், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செய்தது. குளிர் தேசத்துக் கருவி நம்ம ஊர் வெயிலில் நிற்கிறது, பாவம்.

வெப்பம் ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடும், குழாயின் சுருதியும் ஏறும். 10 டிகிரி கூடினால் அரை ஸ்வரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. எல்லாம் சேர்ந்து ஏறினால்கூடச் சமாளிக்கலாம். ஆனால் உள்ளே அதிரும் உலோக நாக்கு வைத்த குழாய்களும் உண்டு, அவற்றின் சுருதி அந்த அளவுக்கு ஏறாது. இரண்டு வகைக் குழாய்களையும் சேர்த்து வாசித்தால் காதில் அபஸ்வரம் குத்தும். ஈரக்காற்று வேறு, மரம் உப்பும், குழாய்களுக்குக் காற்று தரும் துருத்தியின் தோல் கெடும்.

சிறுவயதில் எங்கள் புறநகர்க் கோயிலின் சின்ன ஆர்கனுக்குத் துருத்தி அடித்தவன் நான். பக்கவாட்டில் மரக்கைப்பிடி, அதன் மேலே நூலில் தொங்கும் ஈயக்குண்டு. காற்று குறையக் குறைய குண்டு நகரும். அங்கே கிழித்திருக்கும் கோட்டைக் குண்டு தாண்டுவதற்குள் அடித்துவிட வேண்டும். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் கை சோர்ந்து, பாட்டு நடுவிலேயே முனகி அடங்கியது. ஆர்கன் வாசித்த அண்ணன் திட்டவில்லை. அடுத்த சரணத்துக்கு முன் திரும்பிப் பார்த்து, "மெதுவா அடிடா, போதும்" என்றார்.

சரி, அடுத்த முறை கெர்க்குக்குப் போனால் ஆராதனை நேரத்தில் போங்கள். தாழ்ந்த சுருதியுள்ள பெரிய குழாய் ஒலிக்கும்போது பெஞ்சில் கை வையுங்கள். மரம் அதிர்வது தெரியும்.