புரதப் பவுடர் குடித்தால் விந்தணு கூடுமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கல்யாணமாகி 2 வருடம், குழந்தை இல்லை. விந்தணுவுக்குப் புரதம் முக்கியமாமே, பவுடர் குடிக்கலாமா?"

தம்பி, டப்பாவில் வரும் புரதம் வேறு, விந்தணுவில் இருக்கும் புரதம் வேறு. பவுடரோ உளுந்தங்களியோ, எல்லாப் புரதமும் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். விந்தணுவுக்கான புரதங்களை விரைச் செல்கள் தங்கள் மரபணுப்படி புதிதாகக் கட்டுகின்றன.

அவற்றில் என்னை எப்போதும் வியக்க வைப்பது புரோட்டமின். மற்ற செல்களில் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் சுற்றியிருக்கும். விந்தணு முதிரும்போது பெரும்பாலான ஹிஸ்டோன்கள் விலகி, அந்த இடத்தில் புரோட்டமின் உட்காரும். பத்தமடைப் பட்டுப்பாயைச் சுருட்டிக் கைக்குள் அடக்குவது போல, டிஎன்ஏ அத்தனை இறுக்கமாகிவிடும். மனிதரில் புரோட்டமின் 2 வகை. அவற்றின் விகிதம் பிசகினால் டிஎன்ஏ எளிதில் சேதமாகும், கருத்தரிப்பதும் சிரமமாகலாம்.

விந்தணுவின் வாலை அசைப்பது டைனீன் என்ற புரதம். அப்புறம், விந்தணு கருமுட்டையோடு ஒட்ட இசுமோ என்ற புரதம். 2005-இல் ஜப்பானியர்கள் கண்டறிந்து, திருமண வேண்டுதலுக்குப் பேர்போன இசுமோ கோயிலின் பெயரையே வைத்தார்கள். முட்டையின் பக்கம் அதைப் பிடித்துக்கொள்வது ஜூனோ என்ற புரதம்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது? புகைபிடிப்பதை நிறுத்துங்கள். அல்வா அடுப்படி மாதிரிச் சூட்டில் நாள்முழுக்க வேலையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜிம்மில் தரும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி வேண்டவே வேண்டாம், அது விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும். மனைவியை மட்டும் அனுப்பாமல் நீங்களும் விந்துப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு விந்தணு உருவாகவே சுமார் இரண்டரை மாதம் ஆகும், அதனால் பழக்கத்தை மாற்றியபின் மூன்று மாதம் பொறுத்து மறுபடி பாருங்கள்.