தேசபக்தி கூடினால் இரக்கம் குறைந்துவிடுமா?

கேள்வி: அமெரிக்கா போல இரண்டாகப் பிளந்து கிடக்கும் நாட்டில், தேசபக்தி பேசுகிறவர்களே ஏன் இவ்வளவு ஈவிரக்கம் இல்லாமல் நடந்துகொள்கிறார்கள்?

தேசபக்தி மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான் என்ற தைரியம்தான் கொடுமையை வளர்க்கிறது.

2018 ஜூனில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டது. அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள் அரசுக் காவலில் அழும் சத்தம். 'மம்மி', 'பப்பா' என்று ஒரே கதறல். நடுவில் எல் சால்வடாரைச் சேர்ந்த ஆறு வயதுப் பெண் ஒருத்தி, அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பெண்ணின் நம்பரை மனப்பாடமாகச் சொல்லி, ஒரு போன் போடுங்கள் என்று கெஞ்சுகிறாள். காவலர் ஒருவர், இங்கே ஆர்கெஸ்ட்ராவே இருக்கிறது, நடத்தத்தான் ஆள் இல்லை என்கிறார்.

அப்போது என் மகளுக்கும் ஆறு வயது. தொலைந்துபோனால் சொல்லட்டும் என்று என் நம்பரைப் பாட்டு மாதிரி பழக்கியிருந்தோம். முன்பின் தெரியாதவர்கூட நம்பரைக் கேட்டால் போன் போடுவார் என்று நம்பித்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்? அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தேசபக்தர் என்றால் எனக்கு, அமெரிக்க மேலவையான செனட்டில் குடியரசுக் கட்சி உறுப்பினராக இருந்த ஜான் மெக்கெய்ன் நினைவுக்கு வருகிறார். அவருடைய போர் ஆதரவு எனக்கு ஒருபோதும் ஒப்பாதது, அது வேறு. வியட்நாமில் ஐந்தரை ஆண்டு சிறைப்பட்டுச் சித்திரவதை அனுபவித்தவர். 2005-இல், கைதிகளைக் கொடூரமாக நடத்தக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்து, சொந்தக் கட்சி அதிபரின் எதிர்ப்பையும் மீறி செனட்டில் 90-க்கு 9 என்று நிறைவேற வைத்தார். இவரைத்தான் 2015-இல் டிரம்ப், பிடிபடாத வீரர்களையே தனக்குப் பிடிக்கும் என்று சொல்லி மட்டம் தட்டினார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

2008 அதிபர் தேர்தலில் மெக்கெய்ன் ஒபாமாவை எதிர்த்து நின்றார். அந்தச் சமயம் மினசோட்டாவில் அவருடைய கூட்டத்தில் ஒரு பெண்மணி, ஒபாமாவை நம்ப முடியாது, அவர் ஓர் அரபு என்றார். மெக்கெய்ன் சட்டென்று மைக்கைத் திரும்ப வாங்கி, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், கொள்கையில்தான் எங்களுக்குள் வேறுபாடு என்றார். அரபு என்றால் கண்ணியமானவராக இருக்க முடியாதா என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் குறை எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனாலும், அதே கூட்டத்தில் ஒபாமாவைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னபோது கூச்சல் போட்டவர்கள் அவருக்கே ஓட்டுப் போட வந்தவர்கள்.

அப்புறம் நவம்பரில் தோற்றார். பீனிக்ஸில் மேடையேறி ஒபாமாவின் பெயரைச் சொன்னதும் மறுபடி அதே கூச்சல். இரண்டு கையையும் உயர்த்தி, 'ப்ளீஸ்' என்று அடக்கிவிட்டு, வாழ்த்தைச் சொல்லி முடித்தார்.